சேதி வராமல் கூட்டாதே

சூசை கடையில் ஒரு சட்டம் உண்டு. சாவுச் சேதி வராமல் பெட்டி கூட்டக் கூடாது. பலகை வாங்கலாம், ஆணி வாங்கலாம், சாட்டின் துணியைச் சுருட்டி வைக்கலாம். ஆனால் பலகைகளைச் சேர்த்து ஒரு பெட்டி என்று நிற்க வைத்துவிட்டால் அது ஆள் கேட்கும். வெளியில் ஆள் கிடைக்காவிட்டால் வீட்டுக்குள் தேடும். உப்பளம் கல்லறைக்குப் போகிற வழியில் மூன்று தலைமுறையாகச் சவப்பெட்டி செய்கிற குடும்பம் அது. அவர்களுக்குத் தெரியாததா என்று தெருவே நம்பியது. தையல்காரன் சட்டையைத் தைத்து மாட்டி வைத்துக்கொண்டு ஆளுக்குக் காத்திருக்கலாம், பெட்டிக்காரன் காத்திருக்கலாமா?

அந்தச் சட்டத்துக்கு விலை கொடுத்ததெல்லாம் வாசலில் வந்து நிற்கிற ஜனம்தான். தாயைப் பறிகொடுத்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பான். உள்ளே சூசையும் மகன் ஆரோனும் திருப்புளியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். திருப்புளி கிடைத்தால் ஸ்க்ரூ இருக்காது. ஸ்க்ரூ வந்தால் டேப்பு மரத்தூளுக்கு அடியில் போயிருக்கும். "இங்கதான வெச்சேன்" என்பது அந்தக் கடையின் ஜெபம் போல ஆகிவிட்டது.

ஆரோனின் மனைவி லூர்துசெல்வி அந்தக் கூத்தை முதன்முதலாகப் பார்த்தது மாமியார் செத்த அன்று. கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுச் சாவுக்கு வீட்டு ஆம்பிளைதான் பெட்டி கூட்ட வேண்டும் என்பது சட்டத்தின் அடுத்த பாதி. காலையில் கடைக்குள் போன அப்பனும் மகனும் வெளியே வரவில்லை. கைப்பிடி வாங்க ஒருவர் ஓடினார், ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. உளி காணாமல் போயிற்று. நாத்தனார் ஜூலி அப்போது காரைக்காலில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், மழையில் பஸ் வந்து சேரவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஈ ஓட்டியது நேற்று வந்த மருமகள்தான். சாமியார் வந்து நின்ற பிறகுதான் பெட்டி வந்தது. தூக்கி வைக்கும்போது பொண்டாட்டி முகத்தைச் சூசை ஒரு தரம் பார்த்தார். மூடியைப் போட்டுவிட்டார்கள். சூசை அன்றைக்கு அழக்கூட இல்லை, ஸ்க்ரூ சரியாக இறங்கியதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்விக்கு அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு அவள் சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனாள். அங்கே ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. கத்தரிக்கோலுக்குச் சுவரில் கத்தரிக்கோல் படம் வரைந்திருக்கும், எடுத்தவர் அங்கேயே மாட்ட வேண்டும். "தேடுற நேரம் செத்த நேரம்மா" என்பார் சூப்பர்வைசர். கம்பெனி மூடியதும் கடைக்கு வந்து உட்கார்ந்தவள், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

மூட்டை மூட்டையாகக் குப்பை வெளியே போனது. சுவருக்கு வெள்ளையடித்து, உளி, ரம்பம், சுத்தியல், இழைப்புளி ஒவ்வொன்றையும் வைத்து நீல பெயிண்டால் சுற்றி வரைந்தாள். பலகைகளைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் ஆரோனை விட்டு அறுக்கச் சொல்லி மூன்று மூலையில் சாத்தினாள். ஒரு பெட்டிக்கு வேண்டிய ஸ்க்ரூ, கைப்பிடி, சிலுவை, துணி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி ஆணியில் மாட்டினாள். ஒரு சேதிக்கு ஒரு பை.

"இன்னாடி இது, மளிகைக் கடை மாதிரி கீது" என்று ஆரோன் சிரித்தான்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கி இங்கதான வெச்சேன்னு வந்து நிக்க மாட்டீங்க இல்ல?"

அவன் சிரிப்பு நாலு நாளில் அடங்கிவிட்டது. முன்பு பொழுது முழுக்க இழுத்த பெட்டி, இப்போது வந்தவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு இன்னொரு டீயை யோசிப்பதற்குள் வேனில் ஏறியது. சூசை மட்டும் அறுத்துச் சாத்திய பலகைகளை மூச்சிரைக்க நின்று பார்த்தார். அவருக்கு அப்போதே நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்திருந்தது.

"அறுத்து வெச்சிக்க" என்றார். "கூட்டாத."

செல்வியும் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியவள் அதோடு நின்றிருக்கலாம். ஆவணி மாதத்தில் ஒரு நாள் அப்பாவும் மகனும் வில்லியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடையில் அவள் மட்டும். தன் கையால் ஒரு பெட்டி கூட்ட முடியுமா, பையில் போட்ட சாமான் சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க ஆசை வந்தது. கூட்டிப் பார்த்துவிட்டுப் பிரித்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது? நடுத்தர அளவில் ஆறு பலகையை எடுத்தாள். அங்கேதான் புத்தி கொஞ்சம் அதிகமாக ஓடிவிட்டது. சூசையின் பெட்டிகளுக்குப் பசை போடுவதில்லை. பசை காய அரை நாள் வேண்டும், சேதி வந்த பிறகு அந்த அரை நாள் யாரிடம் இருக்கிறது? இவளோ நேரம்தான் இருக்கிறதே என்று மூலைக்கு மூலை பசையைத் தடவி, அதன்மேல் ஸ்க்ரூவை முடுக்கினாள். சாயங்காலம் ஸ்க்ரூவையெல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தால், பெட்டி கல்லாக நிற்கிறது. உளியை வைத்தால் பலகை பிளக்கும். மாம்பலகையைப் பிளந்து போட்டால் ஆரோன் கேட்பான்.

சரி, அடுத்த நடுத்தரச் சேதிக்கு இதையே அனுப்பிவிடலாம் என்று ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கி, பரணில் ஏற்றித் தார்ப்பாயைப் போட்டு, முன்னால் கிறிஸ்துமஸ் குடில் சாமானையும் நட்சத்திரங்களையும் அடுக்கினாள். அடுத்த சேதி வந்தபோது ஆரோன் இருந்தான். அதற்கடுத்ததற்கும் இருந்தான். கடைக்காரன் கடையில் இருக்காமல் எங்கே போவான்? பெட்டி பரணிலேயே கிடந்தது. புரட்டாசியில் சூசைக்கு இருமல் முற்றியது. ஐப்பசியில் கட்டிலோடு விழுந்தார். அவர் கட்டில் கடைக்குப் பின்னறையில், பரணுக்கு நேர் கீழே.

செல்வி படித்தவள், கம்பெனி பார்த்தவள், இதையெல்லாம் நம்பாதவள். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டும்போது அவள் கண் மேலே போகும். மாமாவின் உயரம் என்ன என்று ஒரு நாள் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. நடுத்தரம்.

கார்த்திகை அடைமழையில் மூன்றாம் நாள் காலை. கரண்ட் இல்லை. ஆரோன் கையாலேயே ஒரு பெரிய பெட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். அது ஒரு சொல்தா வீட்டுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பித்தளைக் கைப்பிடிதான் வேண்டும் என்று நிற்பார்கள். செல்வி அதற்கும் தனிப் பை கட்டி வைத்திருந்தாள். வேன்கார உசேன் வாசலில் ஏற்றுவதற்குக் காத்திருந்தான்.

அப்போதுதான் நனைந்த சட்டையோடு ஒருவர் வந்து தாழ்வாரத்தில் ஒதுங்கினார். காலாப்பட்டிலிருந்து வருவதாகச் சொன்னார், பேர் லூர்துபிரகாஷ்.

"விடியக்காலம் எங்கம்மா போயிட்டாங்க. ரெண்டு மணிக்கி அடக்கம்னு சாமியார் சொல்லிட்டாரு. வீடெல்லாம் தண்ணி, வெச்சிருக்க முடியாது. மத்தியானத்துக்குள்ள குடுத்துடுவீங்களா?"

"குடுத்துடலாங்க. அம்மா எவ்ளோ ஒசரம்?" என்றான் ஆரோன்.

அவர் தன் தோளுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார். கை அங்கேயே நின்றது. பிறகு அழுதுவிட்டார்.

"நடுத்தரம்" என்றாள் செல்வி. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பின்னறையிலிருந்து பக்கத்து வீட்டு நர்ஸ் சிந்தியா ஓடிவந்தாள். "ஆரோனண்ணே, இனிமே வீட்ல வெச்சிக்கினு இருக்காதீங்க. ஒதடு நீலமாவுது. பெரியாஸ்பத்திரிக்கி உடனே கெளப்புங்க."

சாரம் பக்கத்திலிருந்து ஜூலியும் அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். ஆரோனுக்கு மூத்தவள், புருஷனோடு சாரத்துக்கு வந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. அப்பாவைப் பார்க்கப் போனவள், மூலையில் சாத்திய பலகைகளைப் பார்த்து நின்றாள். வரும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பது அவள் வழக்கம்.

"எங்கப்பன உள்ள படுக்க வெச்சிக்கினு, இங்க அளவு பாத்து அறுத்து அடுக்கி வெச்சிக்கினு இருக்கீங்க. நல்லாதான்டா இருக்குது ஒங்க பொழப்பு."

"அக்கா, இப்ப அதுவா பேச்சு? ஆட்டோவ கூப்டு" என்றான் ஆரோன். கையில் திருப்புளி. காலாப்பட்டுக்காரரைப் பார்த்தான். பின்னறையைப் பார்த்தான்.

"நீங்க போங்க" என்றாள் செல்வி. "இத நான் பாத்துக்கறேன்."

"நீ எப்டிடி?"

"பை இருக்குது, பலகை இருக்குது. ஸ்க்ரூ முடுக்க எனக்குத் தெரியாதா? போங்க, மாமாவ பாருங்க."

சூசையை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். கடையைத் தாண்டும்போது அவர் கண் சுவரில் வரைந்த நீலக் கோடுகள்மேல் போயிற்று. உளியின் இடத்தில் உளி இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூச்சுத்தான் வந்தது.

ஆட்டோ தெருமுனையில் மறைந்ததும் செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாகக் கூட்டலாம். பை ஆணியில் தொங்குகிறது, பலகை மூலையில் நிற்கிறது, அவள் கைக்குப் பழகிய வேலைதான். ஆனால் மேலே அது கிடக்கிறது. மாமா ஆஸ்பத்திரி படி ஏறுவதற்குள் அது இந்த வீட்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும். அதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டால் அது மாமாவை விட்டுவிடும். நம்பாதவள் அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வாசலில் அழுதுகொண்டு நிற்கிறவரின் அம்மாவைப் போய் இப்படி ஒரு கணக்கில் வைத்தோமே என்று நெஞ்சு குறுகியது. ஆனாலும் ஏணியை எடுத்தாள்.

"உசேன் பாய், கொஞ்சம் கை குடுங்க."

உசேன் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு ஏணியிலேயே நின்றான். "இன்னா தங்கச்சி இது? கூட்டியே கெடக்குது?"

"அப்றம் சொல்றேன் பாய். மொதல்ல எறக்குங்க."

"சூசை மாமாவுக்குத் தெரியுமா?"

"எறக்குங்க பாய், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

காகித நட்சத்திரங்கள் சரிந்து கீழே விழுந்தன. பெட்டி பாதி இறங்கியிருந்தது, ஒரு முனை உசேன் தோளிலும் இன்னொரு முனை செல்வியின் தலையிலும். அந்த நேரம் பார்த்து ஜூலி உள்ளே வந்தாள். அப்பாவின் ஆஸ்பத்திரி அட்டையை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள், அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அதை எடுக்க அதே ஆட்டோவில் திரும்பியிருக்கிறாள்.

ஜூலி கிட்டே வந்து பெட்டியின்மேல் விரலை ஓட்டினாள்.

"இது எப்ப செஞ்சது?"

"அண்ணி…"

"எப்பன்னு கேக்கறேன். தூசி படிஞ்சி கெடக்குது. எங்கப்பன் தலைக்கு மேல, அவரு மூச்சு வுடற எடத்துக்கு மேல." ஜூலியின் கண் பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று. பெட்டிக்கார வீட்டில் பிறந்தவளுக்கு டேப்பு வேண்டியதில்லை. "அவரு அளவு. யாருக்குடி செஞ்சி வெச்ச?"

"யாருக்கும் இல்ல அண்ணி, மாதா மேல சத்தியமா யாருக்கும் இல்ல. என்னால முடியுமான்னு பாத்தேன். பசைய போட்டுட்டேன், பிரிக்க முடியல. அவ்ளோதான்."

"நேரம் மிச்சம் புடிக்கறாளாம், நேரம்! எங்கப்பன் நேரத்த இல்லடி மிச்சம் புடிச்சிட்ட! அவருக்கு ஒண்ணு ஆச்சின்னா, இந்தத் தெருவுல ஒன்ன நிக்க வெச்சிக் கேப்பேன். என் தம்பியும் கேப்பான், பாரு."

அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செல்வியும் உசேனும் பெட்டியைத் தரையில் இறக்கினார்கள். காலாப்பட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"சார், ஒங்களுக்கு மனசு ஒப்பலன்னா சொல்லுங்க. புதுசா கூட்டித் தரேன், நேரம் இருக்குது" என்றாள் செல்வி.

அவர் பெட்டியின் மூலையைத் தடவிப் பார்த்தார். "நல்லா கெட்டியா இருக்குதும்மா. தண்ணி நிக்கற மண்ணு எங்க ஊரு. எங்கம்மாவுக்கு இது போதும்."

தூசியைத் துடைத்து, புதுத் துணி தைத்து, சிலுவையை வைத்து முடுக்கிக் கொடுத்தாள். சொல்தா வீட்டுப் பெட்டியையும் இதையும் ஏற்றிக்கொண்டு உசேன் வேனைக் கிளப்பினான். வேன் தெருமுனையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு திரும்பியது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே திரும்பினாள். போன் அடித்தது.

ஆரோன்தான். "அப்பா போயிட்டாரு செல்வி" என்றான்.

எப்போது போனார் என்று அவள் கேட்கவில்லை. பெட்டி வாசலைத் தாண்டுவதற்கு முன்பா, தாண்டிய பிறகா? கேட்டுத் தெரிந்துகொண்டால் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டும். கேட்காவிட்டாலும் சுமக்கத்தான் வேண்டும். வெறும் பரணைப் பார்த்துக்கொண்டு அவள் அழுதாள். மாமாவுக்காக அழுதாள், தனக்காகவும் அழுதாள்.

சாயங்காலம் சூசையைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். மறுநாள் நாலு மணிக்குப் பூசை என்று முடிவாயிற்று. ஜெபமாலை சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் பரண் கதை தெரிந்திருந்தது. யாரும் செல்வியிடம் கேட்கவில்லை, ஆனால் அவள் காபி கொண்டுபோனால் பேச்சு நின்றது. ஆரோன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடிந்தது. மழை விட்டிருந்தது. வீட்டுச் சாவு, வீட்டு ஆம்பிளைதான் கூட்ட வேண்டும். ஆரோன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் போனான். ஜூலியும் பின்னாலேயே வந்தாள்.

"இவ அறுத்து வெச்ச பலகையில எங்கப்பன வெக்கக் கூடாதுடா. மில்லு தெறந்ததும் புதுப் பலகை எடுத்துக்கினு வந்து, மொதல்லருந்து அறுத்து இழைச்சி செய். அவரு அம்மாவுக்கு செஞ்ச மாதிரி செய்யி."

செல்வி கதவோரம் நின்றாள். ஆரோன் முதல் முறையாக அவள் பக்கம் திரும்பினான்.

"பரண்ல வெச்சிருந்தியா?"

"வெச்சிருந்தேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பயந்துட்டேங்க."

"எங்கப்பன் போவணும்னு செஞ்சியா?"

"இல்லைங்க."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். நீலக் கோட்டுக்குள் உளி, நீலக் கோட்டுக்குள் திருப்புளி. ஆணியில் ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது, நேற்று காலாப்பட்டுக்கு அவிழ்த்திருக்க வேண்டிய பை.

"அம்மாவுக்கு செஞ்ச மாதிரி" என்றான் ஆரோன், ஜூலியைப் பார்க்காமலே. "அன்னிக்கி இன்னா ஆச்சின்னு ஒனக்குத் தெரியாதுக்கா, நீ பஸ்ஸுல இருந்த. நானும் அப்பாவும் இந்த உளிய தேடிக்கினு இருந்தோம். அம்மா அங்க படுத்திருக்குது, நாங்க இங்க மரத்தூள கிண்டிக்கினு இருக்கோம். அப்பா சாவற வரிக்கும் அத நெனச்சிதான் படுத்திருந்தாரு. எங்கிட்ட சொன்னதில்ல. எனக்குத் தெரியும்."

பையை எடுத்தான். ஜூலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள்.

ஆரோன் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. எதையும் தேடவும் இல்லை. கை நீண்ட இடத்தில் எல்லாம் இருந்தது. சுத்தியல் சத்தம் ஆரம்பித்ததும் முன்னறையில் பெண்கள் ஒப்பாரியைக் கூட்டினார்கள். அவர்கள் மூச்சு வாங்கி, ஆளுக்கு ஒரு வாய் காபி குடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. ஏதோ தடங்கல் போல, சாமான் இல்லையோ என்னவோ என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஆரோன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"பெட்டி இன்னாடா ஆச்சி?" என்றாள் ஜூலி.

"முடிஞ்சிது."

"அதுக்குள்ளயா?"

அவன் அப்பாவின் தலைமாட்டில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. சாவு வீட்டில் சும்மா உட்கார்ந்து அந்த வீட்டு ஆம்பிளைக்குப் பழக்கமில்லை. மெதுவாக அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சுத்தியல் பட்டுக் கறுத்த கட்டைவிரல் நகத்தைத் தடவினான். கலைந்திருந்த நரைமுடியை ஒதுக்கிவிட்டான். அப்புறம்தான் அழுதான், சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதான். ஜூலி அவன் முதுகில் கையை வைத்தாள். வெயில் ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே ஏறியது. பூசைக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"அக்கா" என்றான் வெகுநேரம் கழித்து. "அப்பாவுக்கு காதுக்குப் பின்னால மச்சம் இருக்குது, பாத்தியா? எனக்கு இவ்ளோ நாளு தெரியவே தெரியாது."

ஜூலி குனிந்து பார்த்தாள். "ஆமாண்டா." கொஞ்சம் யோசித்தாள். "அம்மாவுக்கும் ஒண்ணு இருந்திச்சில்ல, தாடையில. எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்னு நெனக்கறேன்."

"இல்லடா, சோறு ஊட்டும்போது… வலது பக்கமா? ஐயோ, எனக்கு மறந்து போச்சிடா, அம்மா மூஞ்சி மறந்து போச்சிடா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்பதற்கு அந்த வீட்டில் பெரியவர் யாரும் இல்லை.

"வலது பக்கம்" என்றாள் செல்வி, கதவோரத்திலிருந்து. "தாடைக்குக் கொஞ்சம் கீழ. அதுல ஒரு நரைமுடி இருந்திச்சி. அன்னிக்கி நாள் பூரா அந்தப் பக்கந்தான் உக்காந்திருந்தேன்."

ஜூலி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இன்னும் இருந்தது, போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பாயில் கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.

"வா" என்றாள். "வந்து உக்காரு."